வாழ்த்துகள், பார்ட்னர்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் பேசிப் பார்த்துவிட்டேன், சரிப்படவில்லை. நான் "அம்மாவுக்கு நேத்து என்னாச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தால், நடுவில் ஒரு பெண் "வலது பக்கம் திரும்பவும்" என்கிறாள். நீயும் "சரிக்கா, சரிக்கா" என்கிறாய். அந்தச் சரி எனக்கா அவளுக்கா என்று தெரியவில்லை. உன் அத்தானிடம் சொன்னேன். "அவன் கார்ல போறான் போலிருக்கு. டிரைவருக்கு வழி சொல்ற பொம்பள அது" என்றார். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்துக்கு நடுவில் யாரும் வந்து வழி சொல்ல முடியாது.

அம்மாவின் கண்கட்டை அவிழ்த்துவிட்டார்கள். கடவுள் புண்ணியத்தில் பார்வை தெளிவாக இருக்கிறது. முதலில் என் முகத்தைப் பார்த்து, "என்னடி இப்படி இளைச்சுட்ட" என்றாள். அடுத்து, "அவன் எங்க" என்றாள். நான் என்ன சொல்வது? ஆபரேஷனுக்கு வருகிறேன் என்றாய், பிறகு முடியவில்லை என்றாய். வேலைக்காரனுக்கு லீவு கொடுக்கவில்லை என்றால் புரிகிறது. முதலாளிக்குமா லீவு இல்லை?

பழைய ஆபீஸை விட்டுப் புது இடத்தில் சேர்ந்த அன்று உன் போனில் வந்ததைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாயே, அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். 'வாழ்த்துகள், பார்ட்னர்! இன்று முதல் நீங்களும் எங்களில் ஒருவர்.' நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள்தான். ஆனால் தெரியாத வார்த்தையைத் தெரியாமலே விட்டுவைக்க மாட்டேன். அகராதியை எடுத்துப் பார்த்தேன். பங்குதாரர், கூட்டாளி, வாழ்க்கைத்துணை என்று போட்டிருந்தது. மூன்றாவது இல்லை என்று எனக்கே தெரியும். மற்ற இரண்டும் ஒன்றுதான்.

மளிகைக்கடைக்காரம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். "இந்த வயசுல கம்பெனிக்குப் பங்குதாரரா" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். மறுநாள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டுக் கணக்கு எழுதிப் பழகியவள் என்பதால் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பங்குதாரர் என்றால் மூலதனம் போட்டிருக்க வேண்டும். நீ என்ன போட்டாய்? லாபத்தில் உன் பங்கு எப்படி வரும்? நஷ்டம் வந்தால் அது யார் தலையில்?

காலையில் விளக்கேற்றியதும் முதலில் உன் கம்பெனிக்குத்தான் வேண்டிக்கொள்கிறேன். அது நன்றாக இருந்தால்தானே நீ நன்றாக இருப்பாய். பெயர்தான் வாயில் நுழைய மாட்டேன் என்கிறது. 'தம்பி கம்பெனி' என்று சொல்கிறேன். கடவுளுக்குத் தெரியாதா எந்தக் கம்பெனி என்று.

உன் அத்தானின் ஃபாக்டரியில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் மெஷின் ஒன்று வந்திருக்கிறது. ஒரு வரிசை ஆட்கள் செய்வதை அது ஒன்றே செய்கிறதாம். ஆனால் பெட்டியைக் கொஞ்சம் இடது பக்கமாக இழுத்துவிடுமாம். "அந்தக் குறை இருக்குற வரைக்கும் எனக்கு வேலை இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பதில் போடு.

அக்கா


ஜனவரி 29

அக்கா,

உன் கடிதம் வந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். எங்கள் அறையில் ஒருவன் புரண்டு படுத்தால் மற்றவர்களும் புரள வேண்டும். படிக்கட்டுதான் வசதி.

அறையில் என் பக்கத்துப் பாய்க்காரனை ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். ஆடிட்டர் படிப்பில் கடைசிப் பரீட்சை மட்டும் பாக்கி. அவனும் பார்ட்னர்தான். உன் கேள்விகளை அவனுக்குப் படித்துக் காட்டினேன். நஷ்டம் யார் தலையில் என்ற இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "உங்கக்காவக் கூட்டிட்டு வாடா. நம்ம கம்பெனில இந்தக் கேள்வியக் கேக்க ஆளே இல்ல" என்றான்.

மூலதனம் கேட்டாய். வண்டி என்னுடையது, பெட்ரோல் என்னுடையது. போன், மழைக்கோட்டு, முதுகில் மாட்டுகிற பை எல்லாம் என்னுடையவை. பையில் கம்பெனி பெயர் மட்டும் அவர்களுடையது, பைக்குக் காசு நான் கொடுத்தது. லாபம் வாராவாரம் கணக்கில் ஏறும். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

கம்பெனி ஓட்டல்களிலிருந்து வீடுகளுக்குச் சாப்பாடு அனுப்புகிறது. அனுப்புகிற பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வாயோ தெரியவில்லை. இங்கே லீவு இல்லை என்று யாரும் சொல்வதில்லை. இஷ்டப்பட்டால் வேலை செய்யலாம், இஷ்டமில்லாவிட்டால் நிறுத்தலாம். அதுதான் சிக்கல். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று எங்களைப் படி பிரித்து வைத்திருக்கிறார்கள். நான் அதிகக் காசு வருகிற தங்கத்தில் இருக்கிறேன். ஒரு வாரம் நிறுத்தினால் வெண்கலத்துக்குப் போய்விடுவேன். அங்கே போனவன் மறுபடி ஏறி வருவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும்.

அம்மா என்னைக் கேட்டால் நன்றாக இருக்கிறான் என்று சொல். பழைய ஆபீஸைப் பற்றிக் கேட்டால், நானாகத்தான் விட்டேன் என்று சொல்.

கம்பெனிக்காக வேண்டிக்கொள்வதாக எழுதியிருந்தாய். எனக்காகத் தனியாகவும் ஒரு தரம் வேண்டிக்கொள்.

தம்பி


பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

தங்கப் படியில் இருப்பதாக எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவன் பொறந்தப்பவே தங்கம்தான்" என்றாள். கண் தெரிய ஆரம்பித்ததிலிருந்து பேச்சும் கூடிவிட்டது. ஆடிட்டரோடு ஒரே அறையில் இருப்பது நல்லது. படித்தவன் கூட இருந்தால் கணக்கில் யாரும் ஏமாற்ற முடியாது.

இன்னொரு சந்தோஷமான விஷயம். மளிகைக்கடையில் பொட்டலம் மடிக்க வைத்திருந்த செய்தித்தாளில் உன் கம்பெனி பெயர் கண்ணில் பட்டது. அந்தத் தாளில்தான் எனக்குப் பொட்டலம் வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தேன். முதல் தடவையாக லாபம் வந்திருக்கிறதாம். 'செலவுகளைக் கட்டுப்படுத்தியதால்' என்று போட்டிருந்தார்கள். எந்தப் பெரிய கம்பெனியானாலும் கடைசியில் வீட்டுக் கணக்குத்தான், பார்த்தாயா. என் வேண்டுதல் வீண்போகவில்லை. அந்தத் துண்டைச் சாமி படத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஃபாக்டரியில் எல்லோரையும் கூப்பிட்டு இரண்டு வழி சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, தானாக விலகுவதாகக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் காண்ட்ராக்டரிடம் ஆளாகச் சேர்ந்து அதே மெஷினுக்குப் பக்கத்தில் பாதிச் சம்பளத்துக்கு நிற்க வேண்டும். மார்ச் ஏழாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். காண்ட்ராக்டர், அத்தானிடம் வேலை பழகியவன். "அவன்கிட்டப் போய் கை கட்டி நிக்கணுமா" என்று நேற்றெல்லாம் சாப்பிடவில்லை.

நான்தான் பேச்சை எடுத்தேன். "தம்பி கம்பெனி இருக்கே" என்றேன்.

"மச்சான்கிட்டப் போய் வேலை கேக்கவா?"

"வேலையா கேக்குறீங்க? பங்குதானே கேக்குறீங்க. வர்ற தொகைய மூலதனமாப் போட்டுக்கலாம்."

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், விசேஷத்துக்குப் போடுகிற அந்த வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மாதான்" என்றார்.

உன் அத்தானைப் பற்றி உனக்குத் தெரியும். தானாக வாய் திறந்து கேட்க மாட்டார். அவரைப் பார்ட்னராகச் சேர்த்துக்கொள்ள முடியுமா, முடியாதா? அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு வார்த்தை எழுது.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்துப் பல தாள்களைக் கிழித்துவிட்டேன்.

வேண்டாம். அத்தான் கையெழுத்துப் போட வேண்டாம். காண்ட்ராக்டரிடமே இருக்கச் சொல். சம்பளம் குறைந்தாலும் கூரைக்குக் கீழே நிற்கலாம், மத்தியானம் உட்கார்ந்து சாப்பிடலாம், மழை பெய்தால் மழை என்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இங்கே இப்போது ஆள் எடுப்பதில்லை. தவிர, அவருக்கு முட்டி வலி உண்டு. இந்த வேலை அவருக்கு ஒத்துவராது. பெரிய ஊர், பழகவும் பிடிக்காது. தொகையை எதிலும் போட வேண்டாம், பத்திரமாக வையுங்கள். அதாவது, தொகையே வாங்க வேண்டாம் என்கிறேன்.

கம்பெனியில் கணக்கை வேறு மாற்றியிருக்கிறார்கள். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

கோபப்படாதே.

தம்பி


பிப்ரவரி 28

தம்பிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. உன் அத்தானுக்குப் படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. தபால்காரரைப் பார்த்ததிலிருந்து என் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவன் சொல்றதும் சரிதான்" என்றார். சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஆள் எடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். மளிகைக்கடைச் சுவரில் உன் கம்பெனி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. 'நகரத்தில் பார்ட்னர்கள் உடனே தேவை. படிப்பு தேவையில்லை. இன்றே சேரலாம்.' கடைக்காரம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள். "உன் தம்பி கம்பெனிதானே? ஊருல இருக்குறவங்களுக்கெல்லாம் குடுக்குறானே, உன் வீட்டுக்காரருக்குக் குடுக்க மாட்டானா" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். நான் சாமான் வாங்காமலே வந்துவிட்டேன்.

யார் யாருக்கோ இருக்கிற இடம், உன்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவருக்கு இல்லை. கல்யாணமான புதிதில், நீ பீஸ் கட்ட வேண்டும் என்று அவர் எனக்கு எடுக்கவிருந்த புடவையை நிறுத்தினார். அதை நான் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டுமோ?

நோட்டீஸின் அடியில் 'சொந்த வாகனம் இருந்தால் போதும்' என்று ஒரு வரி. பங்குதாரருக்கு வாகனம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளவும் இப்போது மனமில்லை.

போன் செய்யாதே. எடுக்க மாட்டேன்.

அக்கா


மார்ச் 4

அக்கா,

நீ சொன்ன மாதிரியே எடுக்கவில்லை. அத்தானைக் கூப்பிட்டேன். "மாப்ள, எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல. நீ சங்கடப்படாத" என்றார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், ஆர்டர் அடித்தது. அடித்ததும் திரையில் ஒரு வட்டம் சுருங்க ஆரம்பிக்கும். அது மூடுவதற்குள் அழுத்தாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். "அத்தான் ஒரு நிமிஷம்" என்று அழுத்திவிட்டு வந்தேன். அதற்குள் வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும் என்று நீயே வேண்டிக்கொள்.

நான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன். ஓட்டல் வாசலில் நின்று பொட்டலத்தை வாங்கி, வண்டியில் போய், மாடி ஏறி, கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வருகிறவன். போனில் நடுவில் பேசுகிற பெண் எனக்குத்தான் வழி சொல்கிறாள். என்னை மாதிரி எத்தனையோ ஆயிரம் பேர். எல்லோருக்கும் பெயர் பார்ட்னர். 'பார்ட்னர், நீங்கள் தாமதமாகிவிட்டீர்கள்' என்று வரும். 'பார்ட்னர், வாடிக்கையாளர் உங்கள் மேல் புகார் சொல்லியிருக்கிறார்' என்று வரும். என்ன புகார் என்று கேட்டால், 'உங்கள் கருத்துக்கு நன்றி, பார்ட்னர்' என்று வரும். அதற்குப் பின்னால் மனுஷன் யாராவது இருக்கிறானா என்று இதுவரை தெரியாது.

வேலைக்காரன் என்றால் அடிபட்டால் பார்க்க வேண்டும், லீவு கொடுக்க வேண்டும், நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். பார்ட்னர் என்றால் ஒன்றும் வேண்டாம். இது ஆடிட்டர் சொல்லித்தான் எனக்கே விளங்கியது. நீ அகராதியில் பார்த்தது தப்பில்லை. அவர்கள்தான் அகராதி பார்க்கவில்லை.

நான் பொய் சொல்லவில்லை அக்கா. போனில் அப்படித்தான் இருந்தது. அம்மா சந்தோஷப்படட்டும் என்று அனுப்பினேன். பழைய ஆபீஸில் ரசீதையும் ஆர்டரையும் ஒத்துப் பார்க்கிற வேலை எனக்கு. அதைச் செய்ய ஒரு மென்பொருள் வாங்கினார்கள். அது தப்புச் செய்தால் பார்ப்பதற்கு இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதில் நான் இல்லை. அதை எப்படி எழுதுவது? அந்த நேரம் பார்த்து 'வாழ்த்துகள்' என்று ஒன்று வந்தது. அனுப்பிவிட்டேன்.

செலவைக் கட்டுப்படுத்தினார்கள் என்று படித்தாயே, அந்தச் செலவு நாங்கள்தான். முன்பு நான் நிற்கிற இடத்திலிருந்து ஓட்டல் வரை போகிற தூரத்துக்கும் காசு உண்டு. இப்போது ஓட்டலிலிருந்து வீடு வரைதான் கணக்கு. ஓட்டலுக்கு நான் காற்றில் மிதந்து வந்து சேர்கிறேன் போலிருக்கிறது.

விட்டுவிட்டு வா என்பாய். வண்டித் தவணையைக் கம்பெனியே பிடித்துக்கொள்கிறது. ஓட்டினால்தான் தவணை, தவணை முடிந்தால்தான் வண்டி எனக்கு. வண்டியை விட்டால் இதுவரை கட்டியது போச்சு. அம்மாவின் ஆபரேஷனுக்கு முந்தின நாள் பஸ் நிலையம் வரை வந்தேன். டிக்கெட்கூட எடுத்தேன். 'பார்ட்னர், உங்கள் தங்கப் படி ஆபத்தில் இருக்கிறது' என்று வந்தது. திரும்பிவிட்டேன்.

அத்தானைத் தடுத்துவிடு. இதை அவரிடம் நீயே படித்துக் காட்டு. அவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது.

தம்பி


மார்ச் 16

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போனார். உன்னை நம்பி இல்லை. காண்ட்ராக்டர் எல்லோர் முன்னாலும் "அண்ணே, இனிமே நான் சொல்றப்பதான் டீ குடிக்கணும்" என்று வேடிக்கையாகச் சொன்னானாம். இவர் பேனாவைக் கேட்டு வாங்கிப் போட்டுவிட்டார்.

கடிதத்தை என்னால் படித்துக் காட்ட முடியவில்லை. அவரே வாங்கி வாசலில் நின்று படித்தார்.

"அப்ப ஆள் எடுக்குறாங்கதானே" என்றார்.

"என்ன எழுதியிருக்கான்னு முழுசாப் படிச்சீங்களா?"

"படிச்சேன். மாடி ஏறணும், முட்டி வலிக்கும். இங்க மட்டும் வலிக்கலையா?"

"அவனே மாட்டிக்கிட்டு முழிக்கிறான்."

"ரெண்டு பேரா முழிச்சா கொஞ்சம் லேசா இருக்கும்" என்றார்.

நான் விடவில்லை. அழுது பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். மறுநாள் தன் மானத்தை விட்டுக் காண்ட்ராக்டரிடமே போய்க் கேட்டார். தொகை வாங்கியவர்களைத் திரும்ப எடுக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவாம். அதற்கப்புறம் நான் எதைச் சொல்லித் தடுப்பேன்? வந்த தொகை வாடகை பாக்கிக்கும் அம்மாவின் ஆபரேஷன் கடனுக்கும் போக, மிச்சம் ஒரு பழைய வண்டிக்குத்தான் காணும். வண்டி வாங்கியாயிற்று. மூலதனம் என்று நான் சொன்ன வாய்முகூர்த்தம்.

வரும் மாதம் முதல் வாரத்தில் அங்கே வருகிறார். உன் பாயில் இடம் கொடு.

நீ பஸ் நிலையம் வரை வந்து திரும்பியதை அம்மாவிடம் சொன்னேன். மற்றது எதையும் சொல்லவில்லை. "அப்ப கிளம்புனான்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "கிளம்பத்தான் செஞ்சிருக்கான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் உன்னை என்னென்னவோ எழுதிவிட்டேன். புடவை விஷயத்தை மறந்துவிடு.

சாமி படத்துக்கு அடியிலிருந்த பேப்பர்த் துண்டை எடுத்துவிட்டேன். எழுத்து இருக்கிற தாளைக் கிழிக்க மனம் வரவில்லை. அலமாரித் தட்டில் விரித்து மேலே டப்பாக்களை வைத்துவிட்டேன். தம்பி, நான் விடியற்காலையில் எழுந்து குளித்து, உன் தூரத்துக்கான காசு குறைய வேண்டும் என்றா வேண்டிக்கொண்டிருந்தேன்? கடவுள் நான் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார். கேட்கத் தெரியாமல் கேட்டது நான்.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

அத்தான் வந்து சேர்ந்தார். ஆடிட்டர் தன் பாயை நகர்த்திக்கொண்டான். முதல் நாளே அவனிடம், "தம்பி, அந்தக் கடைசிப் பரீட்சைய எழுதிருப்பா" என்றார். அவன் "எழுதி என்ன அண்ணே, நானும் படிச்ச பார்ட்னர் ஆவேன்" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சேர்ந்த அன்று அவருக்கும் அதே செய்தி வந்தது. 'வாழ்த்துகள், பார்ட்னர்!' "இத உங்கக்காவுக்கு அனுப்பவா, அகராதி பாக்கட்டும்" என்றார். பிறகு அவரே வேண்டாம் என்று போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வழி சொல்கிற பெண் வலது என்று சொன்னால், இவர் அவளுக்கு "சரிம்மா" என்று பதில் சொல்கிறார். சொல்லிக் கொடுத்தும் விட மாட்டேன் என்கிறார். மாடி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன். அம்மா கொடுத்தனுப்பிய தைலத்தை இரண்டு பேரும் தேய்த்துக்கொள்கிறோம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்ல முடியாததால் உன்னிடம் எழுதுகிறேன்.

பெரிய ஓட்டல் ஒன்றின் எதிரே எல்லோரும் வண்டியோடு நிற்போம். முன்பு நின்றதைப் போல இரண்டு பங்கு ஆட்கள் இப்போது நிற்கிறோம். புதிதாகச் சேர்கிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், எல்லோரும் எங்கேயோ ஒரு மெஷினால் தள்ளப்பட்டு வந்தவர்கள். ஆர்டர் மட்டும் அதே அளவுதான். இப்போது ஒரே ஆர்டரைப் பல பேருக்கு அடிக்க விடுகிறார்கள். யார் முதலில் அழுத்துகிறார்களோ அவர்களுக்கு.

ஒரு நாள் மத்தியானம், ரொம்ப நேரமாக இரண்டு பேருக்கும் ஒன்றும் வரவில்லை. திடீரென்று என் போனும் அவர் போனும் சேர்ந்து அடித்தன. ஒரே ஆர்டர். நல்ல தூரம், நல்ல காசு. வட்டம் சுருங்குகிறது.

"நீ எடு மாப்ள" என்றார்.

"நீங்க எடுங்க அத்தான், காலையிலருந்து நிக்கிறீங்க."

"தவணை இருக்குல்ல உனக்கு, எடு."

"முட்டிக்கு மாத்திரை வாங்கணும்னீங்களே, எடுங்க."

வட்டம் மூடிவிட்டது. எங்களுக்கு இரண்டு வண்டி தள்ளி நின்ற பெண், எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். அத்தான் போனைச் சட்டையில் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் வேறு வேறு ஓட்டல் வாசலில் நிற்கிறோம். தனித்தனியாக நின்றாலும் போன் அடிக்கும்போதெல்லாம், இது அவருக்கும் அடிக்குமோ என்று ஒரு நொடி கை நின்றுவிடுகிறது. அந்த ஒரு நொடியில் போய்விடுகிறது அக்கா. நான் தங்கத்திலிருந்து வெள்ளிப் படிக்கு இறங்கிவிட்டேன்.

தம்பி


ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாமி முன்னால் போய் உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. கம்பெனி நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டால் உங்கள் காசைக் குறைப்பார்கள். நன்றாக இருக்கக் கூடாது என்று கேட்டால் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து உட்கார வேண்டும். உனக்கு ஆர்டர் வர வேண்டும் என்றால் அது அவருக்குப் போகாது. அவருக்கு வர வேண்டும் என்றால் உனக்குப் போகாது. உங்கள் இரண்டு பேருக்கும் வர வேண்டும் என்று கேட்கலாம் என்றால், அந்தப் பெண்ணுக்கும் ஒரு வீடு இருக்குமே. அவள் வீட்டிலும் யாரோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதானே இருப்பார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சாமி முன்னால் நான் வாய் மூடி உட்கார்ந்ததில்லை. எண்ணெய் தீரும் வரை அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தேன்.

அம்மா நன்றாக இருக்கிறாள். உங்கள் இருவருக்கும் தைலம் இன்னொரு புட்டி அனுப்பியிருக்கிறேன். முட்டிக்குத் தேய்த்தபின் காற்றில் நிற்கக் கூடாது. எப்படி நிற்காமல் இருப்பார் என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்.

ஒரு செய்தி. காண்ட்ராக்டர் இப்போது பெண்களை எடுக்கிறான். ஆண்களுக்குக் கொடுக்கிற பாதியிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் இன்றே வரலாம் என்றான். இந்தத் திங்கட்கிழமையிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். அவர் நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறேன். அந்த மெஷின் பெட்டியை இடது பக்கமாக இழுக்கும் என்பாரே, உண்மைதான். இழுக்கும்போதெல்லாம் வலது கையால் ஒரு தள்ளுத் தள்ளிக் கொடுக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதுதான் என் வேலை. இந்தக் கடிதத்தில் எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

அவருக்கு இப்போது தெரிய வேண்டாம். தெரிந்தால் வண்டியை விற்றுவிட்டு வந்துவிடுவார். வந்தால் அவருக்கு இங்கே இடமில்லை, எனக்குத்தான் இருக்கிறது.

சேர்ந்த அன்று கழுத்தில் மாட்ட ஒரு கார்டு கொடுத்தார்கள். அதில் தொழிலாளி என்று போடவில்லை. 'குடும்ப உறுப்பினர்' என்று போட்டிருக்கிறது. இதற்கு நான் அகராதி பார்க்கவில்லை.

அவர் என்னைப் பற்றிக் கேட்டால், அக்கா குடும்ப உறுப்பினராக இருக்கிறாள் என்று மட்டும் சொல். பொய் இல்லை. கார்டில் அப்படித்தான் இருக்கிறது.

அக்கா